புது சிஸ்டர் கேட்கட்டும்

உங்கள் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டாக்டர் காலையில் ரவுண்ட்ஸ் வருவார். கட்டில் பக்கம் அவர் நிற்பது மூன்று நிமிடம், மிஞ்சிப்போனால் ஐந்து. அந்த ஐந்து நிமிடத்துக்காக வீட்டுக்காரர்கள் முந்தின நாளே கேள்விகளை யோசித்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். சரி, மீதி நேரமெல்லாம் நோயாளியோடு இருப்பது யார்? குறிப்பாக, ராத்திரி பதினொரு மணிக்கு மேல்? அநேகமாக இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி. இப்போது பையன்களும் வருகிறார்கள். சமீபத்தில்தான் கடைசிப் பரீட்சை எழுதி, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்த பிள்ளை. மருந்து கொடுப்பது, ட்ரிப்ஸ் ஓடுகிறதா என்று பார்ப்பது, மூச்சு வாங்குகிறதா என்று கவனிப்பது எல்லாம் அந்தப் பிள்ளையின் பொறுப்பு.

நான் தென்மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, நர்சிங் சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெற்றவள். இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கு வகுப்பெடுக்கிறேன். 'நோயாளியின் பாதுகாப்பு' என்று பேச்சு வந்தால் எல்லோரும் நல்ல மெஷின், நல்ல தியேட்டர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் வேறு ஒன்றைப் பார்ப்பேன். அந்த வார்டில் புதிதாக வந்த பிள்ளை ஒரு சந்தேகம் கேட்டால், அதற்கு என்ன பதில் கிடைக்கிறது? "இதுகூடத் தெரியாதா? எந்தக் காலேஜ்ல படிச்ச?" என்றுதான் பதில் வரும் என்றால், அங்கே என் சொந்தக்காரர்களைச் சேர்க்க மாட்டேன்.

காலேஜில் அவள் படித்தது குறைவில்லை. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம். உடற்கூறு, மருந்தியல், மனநலம், பிரசவம் எல்லாம் படித்திருப்பாள். ஆனால் மாணவியாக இருந்தபோது அவளுக்கு ஒன்றோ இரண்டோ நோயாளிகளைத்தான் ஒதுக்கியிருப்பார்கள். டியூட்டர் பக்கத்திலேயே நிற்பார். வேலையில் சேர்ந்த பிறகு, ஒருத்தர் வாந்தி எடுக்கிறார், ஒருத்தருக்கு ரத்தம் ஏற்ற வேண்டும், தியேட்டரிலிருந்து ஒரு கேஸ் வருகிறது, போன் அடிக்கிறது. நான்கும் ஒரே நேரத்தில். எதை முதலில் பார்ப்பது என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அமெரிக்காவில் மார்லின் கிரேமர் என்ற நர்சிங் பேராசிரியை 1974-இலேயே இந்த அதிர்ச்சியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பத்து வருடம் கழித்து பாட்ரிஷியா பென்னர், ஒரு நர்ஸ் தொடக்க நிலையிலிருந்து தேர்ச்சி பெறுவது வரை ஐந்து படிகள் இருக்கின்றன என்று விளக்கினார். ஆரம்பப் படியில் இருப்பவர் விதியைப் பார்த்துத்தான் வேலை செய்வார். எந்த விதியை எப்போது தள்ளி வைக்கலாம் என்பது அனுபவத்தில்தான் வரும். படிப்பு முடிந்ததுமே ஐந்தாவது படியில் இருப்பவர் போல ஒருவரை நடத்துவதுதான் நம் ஊர் வழக்கம்.

வார்டில் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஊசி போடுவதை அல்ல. பேர் கேட்பதை.

"லட்சுமிதானே நீங்க?" என்று கேட்கக் கூடாது. காது மந்தமான பாட்டி, மயக்கத்தில் இருக்கும் தாத்தா, டாக்டரம்மாவுக்குப் பயந்த கிராமத்து ஆள் என்று எல்லோரும் எதற்கும் "ஆமா" என்று தலையாட்டுவார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு, அவர்களையே சொல்ல வைக்க வேண்டும். நம் ஊரில் இது இன்னும் சிக்கல். ஒரே பெண்கள் வார்டில் மூன்று லட்சுமி, இரண்டு மாரியம்மாள் இருப்பது சாதாரணம். இனிஷியல் ஒன்றாக இருந்தால் தீர்ந்தது. அதனால் பேரோடு வயதும் வேண்டும், அல்லது உள்நோயாளி எண். கையில் பட்டை கட்டியிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். கட்டில் நம்பரை மட்டும் நம்பவே கூடாது. ஜன்னலோரம் காற்று வருகிறது என்று மதியம் இரண்டு பேர் தாங்களாகவே கட்டில் மாற்றிக்கொண்டு படுத்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் நோயாளிப் பாதுகாப்புக்கு என்று ஒன்பது வழிகளை வெளியிட்டது. அதில் ஒன்று இந்த அடையாளம் காண்பதுதான்.

அடுத்தது இன்சுலின். வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நம் நாட்டில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சில வகை பாட்டில்களும் 100 யூனிட்டில் வருகின்றன. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. இப்போது கணக்கைப் பாருங்கள். 100 யூனிட் மருந்தை, சிவப்பு மூடி சிரிஞ்சில் '20' கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மில்லி. அதாவது 20 அல்ல, 50 யூனிட். ராத்திரி நோயாளி தூங்குகிறார் என்று நினைப்போம். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி மயங்கிக் கிடப்பார். மாற்றிச் செய்தால், 20 யூனிட் போக வேண்டிய இடத்தில் 8 யூனிட்தான் போகும். டாக்டர் "சர்க்கரை குறையவே இல்லையே" என்று டோஸைக் கூட்டுவார். காலையில் சரியான சிரிஞ்சோடு வேறு நர்ஸ் வருவார். மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு தெரியாத நர்ஸ் கிடையாது. பரீட்சையில் கேட்டால் எழுதிவிடுவார்கள். ஸ்டாக்கில் சிவப்பு மூடி தீர்ந்துபோய், அலமாரியில் ஆரஞ்சு மட்டும் இருக்கும் அதிகாலை நாலு மணிதான் உண்மையான பரீட்சை. அந்த நேரத்தில் "இது சரியா பாருங்க சிஸ்டர்" என்று பக்கத்து வார்டுக்குப் போய்க் கேட்பவள் நல்ல நர்ஸ். இன்சுலினுக்கும், ஹெப்பாரினுக்கும், குழந்தைகளுக்குப் போடும் எந்த ஊசிக்கும் இரண்டு பேர் பார்த்த பிறகே போட வேண்டும் என்பது அதனால்தான். டாக்டர்கள் 'யூனிட்' என்று முழுதாக எழுதாமல் ஆங்கில 'யு' மட்டும் போட்டால் அது சுழியம் போலத் தெரியும். 4 யூனிட், 40 ஆகிவிடும். கையெழுத்து புரியாவிட்டால் திருப்பிக் கேட்க வேண்டும். டாக்டர் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும்.

பொட்டாசியம் குளோரைடு இன்னொன்று. பத்து மில்லி ஆம்பூல். அதில் 20 மில்லி ஈக்விவலென்ட் பொட்டாசியம். பார்க்க, ஊசி மருந்து கலக்கும் தண்ணீர் ஆம்பூலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ட்ரிப்ஸில் கலந்து மெதுவாக ஏற்றினால் உயிர் காக்கும் மருந்து. கலக்காமல் நேரே நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். திருப்பி எடுக்க வழியில்லை. நான் ஹெட் நர்ஸாக இருந்த வார்டுகளில் இந்த ஆம்பூலை மருந்து டிராலியில் வைக்க விட மாட்டேன். தனிப் பெட்டி, சிவப்பு ஸ்டிக்கர், பூட்டு, சாவி சீனியரிடம். "எமர்ஜென்சில சாவிய யாரு தேடுறது?" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அந்தச் சாவியைத் தேடுகிற நேரம் எல்லோரும் ஒரு தடவை யோசிக்கிற நேரம். அதற்குத்தான் பூட்டே. பல நாடுகளில் அடர்த்தியான பொட்டாசியம் ஆம்பூலை சாதாரண வார்டுகளிலிருந்து எடுத்தே விட்டார்கள்.

மருந்து இருக்கட்டும். கேஸ் ஷீட்டில் ஒரு பொய் இருக்கிறது. எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். நாடித் துடிப்பு மாறும், ரத்த அழுத்தம் மாறும், காய்ச்சல் ஏறி இறங்கும். மூச்சு மட்டும் நிமிடத்துக்கு 20 என்றே இருக்கும். காலை 20, மதியம் 20, செத்துப்போவதற்கு முந்தின மணி நேரத்திலும் 20. யாரும் எண்ணுவதில்லை. நாடிக்கும் ஆக்சிஜனுக்கும் விரலில் மாட்டும் கருவி வந்துவிட்டது. மூச்சுக்கு, நோயாளியின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் பஞ்சம். ஆனால் ஒரு நோயாளி மோசமாகப் போகிறார் என்று மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்வது பெரும்பாலும் மூச்சுதான். இங்கிலாந்தில் 2012-இல் கொண்டுவந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் மதிப்பெண் பூஜ்யம். 25-ஐத் தொட்டால் அந்த ஒன்றுக்கே 3. உடனே டாக்டர் வந்து பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

புதுப் பிள்ளைகள் முதல் வாரம் எண்ணுகிறார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது மாதம் அவர்களும் 20 போட ஆரம்பித்துவிடுகிறார்கள். வார்டு கற்றுக்கொடுத்துவிடுகிறது.

ஒரு ராத்திரி, நான் சூப்பரிண்டெண்டாக ரவுண்ட்ஸ் போனபோது, சேர்ந்து சில வாரமே ஆன பெண் ஒருத்தி டெலிபோன் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"மேடம், ஒன்பதாம் பெட் தாத்தாவுக்கு ஏதோ சரியில்ல மேடம். என்னன்னு சொல்லத் தெரியல."

"டாக்டரைக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன் மேடம். பிபி எவ்வளவுன்னு கேட்டாரு. 110-ன்னு சொன்னேன். அப்புறம் என்னம்மா, நல்லாத்தானே இருக்கு, வைன்னுட்டாரு."

"மூச்சு எண்ணினியா?"

"முப்பத்திரண்டு."

"அதைச் சொன்னியா?"

"அவரு கேக்கலையே மேடம்."

தாத்தாவைப் பார்த்தேன். கை கால் சில்லிட்டிருந்தது, பேச்சில் குழறல். திரும்பப் போன் போடச் சொன்னேன். இந்த முறை என்ன பேச வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு பேசினாள். "சார், ஆண்கள் மெடிக்கல் வார்டு, ஒன்பதாம் பெட். நிமோனியாவுக்கு நேத்து அட்மிட் ஆனவர், சர்க்கரையும் இருக்கு. சாயங்காலம் மூச்சு 22, இப்ப 32. குழப்பமாப் பேசுறாரு, ஒன்றரை மணிக்கு அப்புறம் யூரின் போகல. ரத்தத்துல கிருமி பரவுதோன்னு பயமா இருக்கு. நீங்க இப்பவே வந்து பாக்கணும் சார்." டாக்டர் வந்தார். தாத்தா ஐ.சி.யூ.வுக்குப் போனார், பிறகு வீட்டுக்கும் போனார்.

அந்தப் பெண்ணுக்கு முதல் போனிலேயே விஷயம் தெரிந்திருந்தது. அதைச் சொல்லும் வரிசைதான் தெரியவில்லை. யாருக்கு என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். இந்த நாலு வரிசையை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து எடுத்து, கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவமனைக் குழுமம் வார்டுக்குக் கொண்டுவந்தது. கப்பலில் கீழ்மட்டத்து ஆள் அதிகாரியிடம் தயங்காமல் பேச வேண்டியிருந்தது. இங்கேயும் அதே கதைதான். மூன்றாவதுதான் நம் பிள்ளைகளுக்கு வாயில் வராது. 'நான் என்ன நினைக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்ல நான் யார்' என்று நினைப்பார்கள். வீட்டில் பெரியவர்கள் முன்னால் அபிப்பிராயம் சொல்லாதே என்று வளர்த்த பிள்ளைகள். அதனால் வகுப்பில் நான் டாக்டர் வேஷம் போட்டு, எரிந்து விழுந்து, அவர்களைப் பேச வைத்துப் பழக்குகிறேன். டாக்டர்களுக்கும் இப்படி ஒரு வகுப்பு எடுத்தால் தேவலை. யாராவது கூப்பிட்டால் போவேன்.

தவறு நடந்த பிறகு என்ன செய்கிறோம் என்பது அடுத்த விஷயம். நம் ஊரில் அதற்கு ஒரே மருந்து, மெமோ. தப்பு நடந்ததா, யார் டியூட்டி, எழுதிக் கொடு, மெமோ வாங்கு, முடிந்தது. ஒரு வருடம் இப்படி நடத்தினால் அந்த வார்டில் தவறே நடக்காது, காகிதத்தில். 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில், வாண்டர்பில்ட் மருத்துவமனையில், ஒரு நர்ஸ் பதற்றத்தைத் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டார். இரண்டு மருந்துப் பெயர்களும் ஒரே இரண்டு எழுத்தில் தொடங்கும். மருந்து எடுக்கும் இயந்திரத்தில் அந்த இரண்டு எழுத்தைத் தட்டினார், வந்ததை எடுத்தார். நோயாளி இறந்துபோனார். அன்று அவரோடு ஒரு புது நர்ஸ் பயிற்சிக்காகக் கூடவே வந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு மறக்காத விவரம். நர்ஸ் தன் தவறைத் தானே சொன்னார். 2022-இல் கோர்ட் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, மூன்று வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. மருந்துக் குப்பியின் மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது, அதை அவர் படிக்கவில்லை. கவனக்குறைவு பெரிதுதான், நான் மழுப்பவில்லை. ஆனால் அந்த இயந்திரத்தின் தடையைத் தாண்டி மருந்து எடுப்பது அங்கே அன்றாடப் பழக்கமாக இருந்தது என்று அவர் தரப்பு சொன்னது. பழக்கத்தை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. தீர்ப்பு வந்ததும் உலகம் முழுக்க நர்ஸ்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இனிமேல் எவள் தவறை ஒப்புக்கொள்வாள்?

குடித்துவிட்டு வந்தவள், மருந்தைத் திருடியவள், தெரிந்தே ஏமாற்றியவள், இவர்களுக்கு மெமோ என்ன, வேலையே போகட்டும். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஆம்பூலை அடுத்தடுத்த தட்டில் அடுக்கி வைத்துவிட்டு, குழம்பியவளைத் தண்டிப்பதில் நோயாளிக்கு ஒரு லாபமும் இல்லை. நாளைக்கு அதே தட்டிலிருந்து வேறு ஒருத்தி எடுப்பாள்.

ஆள் பற்றாக்குறையைப் பேசாமல் இதெல்லாம் பேசினால் பொய். இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுப்படி போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு ஒருவர். நான் பார்த்த ராத்திரிகளில் நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ், கட்டிலுக்கு அடியில் பாய் விரித்தவர்கள் தனி. லிண்டா எய்க்கன் குழு பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்றது. ஒரே ஒரு நோயாளி கூடினாலே அப்படி. கலிபோர்னியா 1999-இலேயே ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று சட்டமே போட்டு, 2004-இலிருந்து நடைமுறைப்படுத்தியது.

சம்பளமும் இதில் சேர்ந்ததுதான். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான சின்ன தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. என் வகுப்பில் உட்காரும் பிள்ளைகளிடம் முந்தின வேலையில் என்ன வாங்கினாய் என்று கேட்டுப் பாருங்கள். கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. இரண்டு வருடம் தாக்குப்பிடித்து வேலை பழகியதும் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறார்கள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் இடத்துக்கு மறுபடி புதுப் பிள்ளை வருவாள். அதே ராத்திரி டியூட்டிக்கு.

அமெரிக்காவில் 2002-இலிருந்து பல மருத்துவமனைகள் புது நர்ஸுக்கு ஒரு வருடப் பயிற்சிக் காலம் வைத்திருக்கின்றன. வேலையும் செய்வாள், கூடவே கைபிடித்துச் சொல்லிக்கொடுக்க ஒரு மூத்த நர்ஸும் இருப்பார். ஒரு வருடம் நம்மால் முடியாது என்றால், முதல் மூன்று மாதம் அவளைத் தனியாக நைட் டியூட்டியில் போடாதீர்கள். சொல்லிக்கொடுக்கிற சீனியருக்கு அன்றைக்கு நோயாளிகளைக் குறைத்துக் கொடுங்கள். நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இந்த இரண்டுதான். கட்டடம் கேட்கவில்லை.

படிக்கிற உங்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. சிஸ்டர் நாலாவது தடவை பேர் கேட்டாலும் சலிக்காமல் முழுப் பேரையும் வயதையும் சொல்லுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்காமலே சொல்லுங்கள். வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு ஒரு கவரில் எடுத்து வாருங்கள். அவள் மருந்து டிராலியோடு நிற்கும்போது பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை, ஃபேன் ஓடவில்லை என்று நிறுத்தாதீர்கள். சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2010-இல் வந்தது. மருந்து கொடுக்கும்போது வரும் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தவறு சுமார் 12 சதவீதம் கூடியது என்று அதில் கண்டார்கள். உங்கள் நோயாளி நேற்றுப் போல இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால், அதை மட்டும் எந்த நேரத்திலும் போய்ச் சொல்லலாம். அவரை அவளைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் இருங்கம்மா, பெரிய சிஸ்டர்கிட்ட கேட்டுட்டு வந்துர்றேன்" என்று ஒரு பெண் திரும்பிப் போனால், ஒண்ணும் தெரியாத பொண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்று பக்கத்துக் கட்டிலில் பேசாதீர்கள். வரும் வரை இருந்து, அவளிடமே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.